'நம்ம மாமா சொன்னா தப்பா இருக்குமா?' - கிரிப்டோ விளம்பரத்துல காசு யாருக்குப் போகுது?

ஞாயிற்றுக்கிழமை மதியம். கறிக்குழம்பு சாப்பிட்டு முடித்து, வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மொபைலோடு சாய்ந்திருக்கும் நேரம். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் சூலூர் மாமாவிடமிருந்து ஒரு மெசேஜ். 'மாப்ள, இந்த லிங்க்ல ஜாயின் பண்ணு. மூணு மாசமா எனக்கு கரெக்ட்டா வந்துட்டு இருக்குது. உனக்குன்னுதான் சொல்றேன்.' கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட், பச்சைக் கலரில் ஒரு தொகை.

அதற்குப் பத்து நிமிடம் முன்னால், யூடியூப் வீடியோவுக்கு நடுவே ஒரு கிரிப்டோ ஆப் விளம்பரம் வந்திருக்கும். யாரென்றுகூடப் பார்க்காமல் 'ஸ்கிப்' அடித்திருப்போம். மாமாவை அப்படி ஸ்கிப் பண்ண முடியுமா?

மார்க்கெட்டிங் பாஷையில் யூடியூபில் வந்தது 'பெய்டு'. மாமா அனுப்பியது 'ஆர்கானிக்'. விளம்பரத்தைச் சந்தேகப்படவும், சொந்தக்காரரை நம்பவும் நாம் பழகியிருக்கிறோம். கிரிப்டோ ஏரியாவில் இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் பலர் சம்பாதிக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, அதில் கொங்கு மண்டலம் ஏன் அடிக்கடி மாட்டுகிறது, நாம் எதைக் கேட்டுவிட்டு உள்ளே போகணும்... பார்க்கலாம்.

ஆர்கானிக்னா நாட்டுச் சர்க்கரையா?

நம்ம ஊரில் ஆர்கானிக் என்றதும் நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய் ஞாபகம்தான் வரும். மார்க்கெட்டிங்கில் அர்த்தம் வேறு.

பெய்டு மார்க்கெட்டிங் என்றால், ஒரு நிறுவனம் காசு கொடுத்து நம் கண்முன் வருவது. கூகுள் தேடலில் மேலே 'ஸ்பான்சர்டு' என்று வருவது, இன்ஸ்டாவில் ரீல்களுக்கு நடுவே வருவது, கிரிக்கெட் ஓவர் இடைவெளியில் வருவது, அவிநாசி ரோட்டில் நிற்கும் ஹோர்டிங், நடிகரை வைத்து நடத்தும் விழா எல்லாம் இதில் அடக்கம். காசு நின்றால் விளம்பரமும் நிற்கும்.

ஆர்கானிக் என்றால், அப்படி இடம் வாங்காமல் தானாகப் பரவுவது. கூகுளில் தேடும்போது நல்ல கட்டுரை என்பதால் மேலே வருவது, பயன்படுத்தியவர் எழுதும் விமர்சனம், டெலிகிராம் குரூப்பில் நடக்கும் பேச்சு, நண்பன் சொல்லும் சிபாரிசு. மெதுவாக வளரும், ஆனால் ரொம்ப நாள் நிற்கும்.

உண்மையான ஆர்கானிக் எப்படி இருக்கும் என்பதற்கு நம் வீட்டு சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. புது வெட் கிரைண்டர் வாங்கணும் என்றால், 'எது நல்லா இருக்குதுங்க அத்தை?' என்று கேட்போம். அத்தை ஒரு கம்பெனி பெயரைச் சொல்வார். அந்தப் பேச்சில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அத்தை அதைப் பத்து வருஷமாக ஓட்டுகிறார். இரண்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியும். கல்லு தேய்ஞ்சா என்ன ஆகும், மோட்டார் சூடானா என்ன பண்ணணும் என்பதுவரை சொல்வார். மூன்று, நாம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு ஒரு பைசா வராது.

அனுபவம், புரிதல், ஆதாயமின்மை. இந்த மூன்றும் இருந்தால்தான் அது ஆர்கானிக் சிபாரிசு. இப்போது மாமாவின் மெசேஜை இதே தராசில் வைத்துப் பாருங்கள். அனுபவம் மூன்று மாசம். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், 'அவங்க ட்ரேடிங் பண்றாங்க மாப்ள' என்பார். அந்த லிங்க்கின் கடைசியில் ஒரு கோட் ஒட்டிக்கொண்டிருக்கும். அது மாமாவின் ரெஃபரல் கோட். நீங்கள் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன்.

அதாவது, ஆர்கானிக் சட்டை போட்டுக்கொண்டு வந்த பெய்டு விளம்பரம்.

பீட்சாவில் தொடங்கியது

கிரிப்டோவின் தொடக்கம் நிஜமாகவே ஆர்கானிக்தான். 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் (அல்லது ஒரு குழு) பிட்காயின் பற்றிய ஒரு கட்டுரையை இணையத்தில் வெளியிட்டார். விளம்பர பட்ஜெட் இல்லை, பிராண்ட் அம்பாசடர் இல்லை. 2010 மே 22 அன்று அமெரிக்காவில் ஒரு புரோகிராமர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. இன்றுவரை உலகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மே 22-ஐ 'பிட்காயின் பீட்சா டே' என்று கொண்டாடுகிறார்கள்.

பிட்காயின் விலை ஏறியதும், ஆயிரக்கணக்கான புதிய காயின்கள் முளைத்தன. சொல்வதற்கு அவற்றுக்கு பீட்சா கதை இல்லை. எனவே விளம்பரத்தில் இறங்கின. மோசடிகள் பெருகவே, 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் கிரிப்டோ விளம்பரங்களைத் தடை செய்தது. ஜூனில் கூகுளும் கதவை மூடியது. பிறகு இரண்டுமே நிபந்தனைகளோடு தளர்த்தின. ஆனால், அந்தத் தடைக் காலத்தில் கிரிப்டோ உலகம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. விளம்பரம் போட வழியில்லையா? மனிதர்களையே விளம்பரமாக்கு. 'எங்களைப் பத்தி போஸ்ட் போட்டா இத்தனை காயின் ஃப்ரீ', 'அஞ்சு பேரைச் சேர்த்தா போனஸ்' என்று டெலிகிராம் குரூப்கள் நிரம்பின.

இந்தியாவில் 2021 அக்டோபர், நவம்பரில் டி20 உலகக் கோப்பை பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காயின்ஸ்விட்ச் குபேர், காயின்டிசிஎக்ஸ் என ஓவருக்கு ஓவர் கிரிப்டோ விளம்பரங்கள்தான். ரன்வீர் சிங், ஆயுஷ்மான் குரானா போன்ற நட்சத்திரங்கள் பிராண்ட் முகங்களாக வந்தார்கள். கொஞ்ச நாளில் கடிவாளம் வந்தது. விளம்பரத் தரக் கவுன்சிலான 'ஆஸ்கி' 2022 பிப்ரவரியில் விதிகளை அறிவித்து, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

அதன்படி ஒவ்வொரு கிரிப்டோ விளம்பரத்திலும், 'கிரிப்டோ தயாரிப்புகளுக்கும் என்.எஃப்.டி-களுக்கும் ஒழுங்குமுறை கிடையாது, இவை மிகுந்த ஆபத்து உள்ளவையாக இருக்கலாம், நஷ்டம் வந்தால் நிவாரணம் கேட்க ஒழுங்குமுறை வழி இல்லாமல் போகலாம்' என்ற பொருளில் எச்சரிக்கை இருக்க வேண்டும். அச்சு விளம்பரமென்றால் ஐந்தில் ஒரு பங்கு இடம் அதற்கே. விளம்பரம் எந்த மொழியில் பிரதானமாக இருக்கிறதோ அந்த மொழியில் எச்சரிக்கை வேண்டும். 'கரன்சி', 'செக்யூரிட்டீஸ்' போன்ற வார்த்தைகளை அந்தத் தயாரிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. நடிக்கும் பிரபலங்களும் விஷயத்தை ஆராய்ந்த பிறகே நடிக்க வேண்டும்.

அதே ஏப்ரலில் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, ஜூலையிலிருந்து பரிவர்த்தனைக்கு 1% டி.டி.எஸ் என மத்திய அரசும் பிடியை இறுக்கியது. பெரிய விளம்பரங்கள் குறைந்தன. முன்வாசலில் செக்யூரிட்டி நின்றாயிற்று. பின்வாசல்? அது நம்ம ஃபேமிலி குரூப்தான். மாமா அனுப்பும் மெசேஜில் ஐந்தில் ஒரு பங்கு எச்சரிக்கை இருக்காது.

300 ரூபாய் கணக்கு

நிறுவனங்கள் ஏன் ரெஃபரலை இவ்வளவு விரும்புகின்றன? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு ஆப் 10 லட்சம் ரூபாய்க்கு ஆன்லைன் விளம்பரம் கொடுக்கிறது. 1,000 பேர் கணக்குத் தொடங்குகிறார்கள். அப்படியென்றால் ஓர் ஆளைப் பிடிக்க 1,000 ரூபாய் செலவு. அதே ஆப், 'ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வந்தா 300 ரூபாய்' என்று உங்களிடம் சொன்னால், ஓர் ஆளுக்கு 700 ரூபாய் மிச்சம்.

இதில் பெரிய லாபம் அந்த 700 ரூபாய்கூட இல்லை. விளம்பரத்தைப் பார்த்து வருபவர் சந்தேகத்தோடு வருவார். 500 ரூபாய் போட்டுப் பார்ப்பார். நீங்கள் சொல்லி வருபவர் நம்பிக்கையோடு வருவார். கொஞ்சம் பெரிய தொகையாகவே போடுவார். உங்கள் பல வருஷத்து உறவுக்கு அந்த ஆப் கொடுத்த விலை 300 ரூபாய்.

ரெஃபரல் எல்லாமே மோசடியா என்றால், இல்லை. ஃபுட் டெலிவரி ஆப்பிலிருந்து பேங்க் ஆப்வரை எல்லோரும் ரெஃபரல் கொடுக்கிறார்கள். நண்பன் சொன்னான் என்று பிரியாணி ஆர்டர் பண்ணினால், மோசமாகப் போனாலும் நஷ்டம் ஒரு பிரியாணி. கிரிப்டோவில் போவது மாமாவின் பி.எஃப் பணம், அக்காவின் நகைச்சீட்டு. அதனால்தான் இங்கே, 'சொல்றவருக்கு என்ன கிடைக்குது?' என்ற கேள்வி ரொம்ப முக்கியமாகிறது.

ஈமு முதல் ஆஷ்பே வரை

கொங்கு மண்டலத்துக்கும் இந்த வாய்மொழி மார்க்கெட்டிங்குக்கும் பழைய சொந்தம். இங்கே தொழில் நடப்பதே சொல்லை நம்பித்தான். திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் கொடுப்பது, ஈரோட்டில் துணி கடனுக்கு எடுப்பது, ஊருக்குள் சீட்டுப் பிடிப்பது எல்லாம், 'அவரு நம்ம ஆளுங்க' என்ற ஒரு வார்த்தையில் ஓடும். அது பலம். அந்தப் பலத்தைத்தான் மோசடிக்காரர்கள் கருவியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பெருந்துறையை மையமாக வைத்து வளர்ந்த ஈமு கோழித் திட்டங்களை, இப்போது இருபதுகளில் இருப்பவர்கள் சின்ன வயதில் கேள்விப்பட்டிருப்பார்கள். டெபாசிட் கட்டினால் குஞ்சு, தீவனம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை. டி.வி விளம்பரம் வந்தது உண்மைதான். ஆனால், ஒரு விவசாயியைக் கையெழுத்துப் போட வைத்தது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுக்கு மாதம் தவறாமல் பணம் வந்த காட்சிதான். 2012-ல் பணம் நின்றது. புகார்கள் குவிந்தன.

அதற்கு முன்பே 2009 வாக்கில் திருப்பூரில் 'பாசி' நிறுவனம். ஆன்லைன் ஃபாரெக்ஸ் டிரேடிங் என்றார்கள். ஃபாரெக்ஸ் என்றால் என்ன என்று முதலீடு செய்த பலருக்குத் தெரியாது. யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பது தெரியும். மோசடித் தொகை சுமார் 930 கோடி ரூபாய். சி.பி.ஐ விசாரித்த அந்த வழக்கில், 2022 ஆகஸ்ட்டில் கோவை டான்பிட் சிறப்பு நீதிமன்றம் இருவருக்குத் தலா 27 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. பணம் போட்டவர்கள் தீர்ப்புக்காகக் காத்திருந்தது பத்து வருஷத்துக்கும் மேல்.

2024 ஜனவரியில் நடந்தது இன்னும் விசித்திரம். பணம் கட்டி உறுப்பினராகி, மொபைலில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று சொன்ன கோவையின் 'மைவி3 ஆட்ஸ்' மீது வழக்கு பதிவானது. உடனே நிறுவனத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் கோவை நீலாம்பூர் அருகே திரண்டார்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். மார்க்கெட்டிங் கண்ணோடு மட்டும் பார்த்தால், எந்த விளம்பர ஏஜென்சியாலும் காசு கொடுத்து உருவாக்க முடியாத கூட்டம் அது. தங்கள் பணமும், தாங்கள் சேர்த்துவிட்டவர்களின் பணமும் உள்ளே இருக்கும்போது, நிறுவனத்தைக் காப்பாற்றுவது தங்களைக் காப்பாற்றுவதாகவே மனசுக்குத் தோன்றும்.

நேரடியாகக் கிரிப்டோ என்றால், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஆஷ்பே' வழக்கைச் சொல்லணும். செய்திகளில் வந்தபடி, புதுச்சேரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் முதலில் பார்த்தது ஆன்லைன் விளம்பரம். அடுத்து, 2022-ல் கோவையில் பிரபல நடிகை கலந்துகொண்ட தொடக்க விழா. சில மாதங்களில் மாமல்லபுரம் நட்சத்திர ஓட்டலில் இன்னொரு விழா, அங்கே முதலீட்டாளர்களுக்கு கார் பரிசு. இதுவரை எல்லாம் பெய்டு. இதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. நம்பிக்கை வந்ததும் அவர் தான் போட்டதோடு நிற்காமல், நண்பர்களையும் போட வைத்தார். புதுச்சேரியில் பத்துப் பேர் சுமார் 2.40 கோடி ரூபாய் இழந்ததாகப் புகார். 2025 பிப்ரவரியில் புதுச்சேரி சைபர் க்ரைம் போலீஸார் கோவையைச் சேர்ந்த இருவரைக் கைது செய்தார்கள். விழாவுக்கு வந்த நடிகை, தனக்குக் கிரிப்டோ தொழிலில் தொடர்பில்லை என்று மறுத்தார்.

பெய்டு விளம்பரம் ஒருவரைப் பிடித்தது. அவருடைய நட்பு மற்றவர்களைப் பிடித்தது. கிரிப்டோ மோசடியில் பெய்டும் ஆர்கானிக்கும் எதிரெதிர் கட்சிகள் கிடையாது. ஒன்று தூண்டில், இன்னொன்று வலை.

முதல் மூணு மாச வரவு என்னன்னு தெரியுமா?

'எனக்கு வந்துச்சுங்க, என் அக்கவுன்ட்டைப் பாருங்க' என்பதுதான் இந்த எல்லாக் கதைகளிலும் வரும் ஒரே வசனம். அது பொய்யும் இல்லை. நிஜமாகவே வந்திருக்கும்.

போன்சி வகைத் திட்டங்களில் புதிதாக வருபவர் போடும் பணத்தை எடுத்து, முன்னால் வந்தவருக்கு 'லாபம்' என்று கொடுப்பார்கள். ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு, மாசம் 8,000 வீதம் மூன்று மாசம் 24,000 திருப்பிக் கொடுத்தால், அவர்கள் கையில் இன்னும் 76,000 இருக்கிறது. அந்த 24,000-தான் அவர்களுடைய விளம்பரச் செலவு. யூடியூபுக்குக் கொடுப்பதற்குப் பதில் மாமாவின் அக்கவுன்ட்டில் போடுகிறார்கள். மாமா ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறார். இருபது பேருக்கு அனுப்புகிறார். அவரே ஹோர்டிங், அவரே பிராண்ட் அம்பாசடர். விளம்பரத்துக்குக் கொடுத்த காசும் அவருடையதேதான்.

அதனால் 'பணம் வருதா?' என்பது சரியான கேள்வியே இல்லை. 'பணம் எங்கிருந்து வருது?' என்பதே கேள்வி.

அப்போ பெய்டு விளம்பரம் சேஃபா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் எஃப்.டி.எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச், 2022 பிப்ரவரியில் சூப்பர் பௌல் போட்டியின்போது விளம்பரம் செய்தது. உலகத்திலேயே காஸ்ட்லியான விளம்பர நேரங்களில் ஒன்று அது. அதே வருஷம் நவம்பரில் திவால். விளம்பரத்தின் பிரமாண்டம், கம்பெனியின் பலத்தைக் காட்டாது.

கிம் கர்தாஷியன் கதை இன்னும் சுவாரஸ்யம். எத்தீரியம்மேக்ஸ் என்ற கிரிப்டோவைப் பற்றி 2021-ல் இன்ஸ்டாவில் ஒரு போஸ்ட் போட்டார். அது விளம்பரம் என்று ஹேஷ்டேக்கும் போட்டார். ஆனால், அதற்காக 2.5 லட்சம் டாலர் வாங்கியதைச் சொல்லவில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு நடவடிக்கை எடுத்தது. 2022 அக்டோபரில் 12.6 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்.

சட்டபூர்வமாக நடக்கும் நிறுவனத்திலும் ரிஸ்க் இருக்கிறது. இந்தியாவின் பிரபல எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸில் 2024 ஜூலை 18 அன்று நடந்த ஹேக்கிங்கில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ போனது. பல லட்சம் பேரின் பணம் மாதக்கணக்கில் முடங்கியது. மார்க்கெட்டிங்கில் நேர்மை, தயாரிப்பில் பாதுகாப்பு இரண்டும் வேறு வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று கியாரன்டி கிடையாது.

ஆனாலும் பெய்டு விளம்பரத்தில் ஒரு நன்மை உண்டு. அது 'நான் விளம்பரம்' என்று சொல்லிக்கொண்டே வருகிறது. தப்பாக இருந்தால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. மாமாவின் மெசேஜுக்கு அது இல்லை.

லிங்க் ஷேர் பண்றவங்க கவனத்துக்கு

இந்தப் பகுதி, 'நான் பணமே போடலையே, லிங்க் மட்டும்தானே அனுப்பினேன்' என்பவர்களுக்கு.

கோவையில் காலேஜ் முடித்து, ஃபுட் ரிவ்யூ, டிராவல் ரீல்ஸ் போட்டு இருபதாயிரம் ஃபாலோயர்ஸ் வைத்திருக்கும் கிரியேட்டர்கள் நிறைய. அவர்களுக்கு, 'ஒரு கிரிப்டோ ஆப் பத்தி கேஷுவலா பேசுங்க, விளம்பரம் மாதிரி தெரியக் கூடாது' என்று ஆஃபர் வந்தால், அந்தக் கடைசி வரிதான் ஆபத்து மணி. மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, காசோ, இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் 'விளம்பரம்', 'ஸ்பான்சர்டு', 'பெய்டு புரமோஷன்' போல ஏதாவது ஒரு வார்த்தையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். முப்பது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே ஒளித்து வைக்கக் கூடாது. பேசும் மொழியிலேயே சொல்ல வேண்டும். தவறான விளம்பரம் என்று முடிவானால், நடித்தவருக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம்வரை.

ஃபாலோயர்ஸே இல்லாத சாதாரண ஆளுக்கும் சட்டம் இருக்கிறது. அனுமதியற்ற டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ம் ஆண்டு சட்டம், பொய் என்று தெரிந்தே வாக்குறுதி சொல்லி ஒருவரை அப்படியொரு திட்டத்தில் சேர வைப்பதையும் குற்றமாகவே பார்க்கிறது. ஒன்று முதல் ஐந்து ஆண்டுகள்வரை சிறை, 10 லட்சம்வரை அபராதம். மாமாவுக்கு உண்மை தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்த பிறகும் கமிஷனுக்காக ஆள் சேர்த்தால், பாதிக்கப்பட்டவர் என்ற இடத்திலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்துக்கு நகர ரொம்ப நேரம் ஆகாது.

கோர்ட்டுக்குப் போகாவிட்டாலும், கல்யாண மண்டபம் இருக்கிறது. நாம் சேர்த்துவிட்டவருக்குப் பணம் போனால், கம்பெனிக்காரனை யாரும் நேரில் பார்க்கப் போவதில்லை. அடுத்த முகூர்த்தத்தில் பந்தியில் எதிரே உட்காரப்போவது நாம்தான்.

உள்ளே போறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி

1. நான் சேர்ந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? இதை வெட்கப்படாமல் கேளுங்கள். 'கமிஷன் வரும்' என்று நேர்மையாகச் சொன்னால், அது விளம்பரம் என்று புரிந்துகொண்டு முடிவெடுக்கலாம். கோபம் வந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

2. ரெஃபரல் லிங்க் இல்லாமல் சேர முடியுமா? ஆள் வழியாக மட்டும்தான் சேரணும், ஆள் சேர்த்தால்தான் வருமானம் கூடும் என்றால், அங்கே விற்கப்படும் பொருள் கிரிப்டோ இல்லை, நீங்கள்தான்.

3. மாசாமாசம் இவ்வளவு என்று நிச்சயமாகச் சொல்கிறார்களா? பிட்காயின் விலை ஒரே நாளில் ஏறும், இறங்கும். ஏறி இறங்கும் பொருளை வைத்து, இறங்காத வருமானம் எப்படிக் கொடுப்பார்கள்?

4. மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்திருக்கிறார்களா? 2023 மார்ச்சிலிருந்து இந்தியாவில் கிரிப்டோ சேவை தரும் நிறுவனங்களுக்கு இது கட்டாயம். உலகின் பெரிய எக்ஸ்சேஞ்சான பைனான்ஸ்கூட பதிவில்லாமல் இயங்கியதற்காக 2024-ல் 18.82 கோடி ரூபாய் அபராதத்துக்கு ஆளானது. ஆனால், பதிவு என்பது லாபத்துக்கோ, முதலுக்கோ உத்தரவாதம் இல்லை.

5. வரியைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? '30% வரி எல்லாம் நமக்குக் கிடையாதுங்க' என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை. இல்லையென்றால், உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

சொந்தக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது?

தகவல் தெரிந்தாலும், சொல்வதுதான் சங்கடம். குரூப்பில் எல்லோர் முன்னாலும் 'இது ஃபிராடு' என்று போட்டால், அவர் கம்பெனியோடு சேர்ந்து நம்மை எதிர்க்க ஆரம்பித்துவிடுவார். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். 'ஏனுங் மாமா, போட்ட முதலை முழுசா வெளிய எடுத்துப் பாத்தீங்களா? ஒருதடவை எடுத்துப் பாருங்க, எடுத்துட்டா நானும் யோசிக்கிறேன்' என்று கேட்டால் போதும். லாபத்தைக் கொடுக்கும் கம்பெனிகள், முதலைக் கேட்டால்தான் 'லாக்-இன் பீரியட்', 'ப்ராசஸிங் சார்ஜ்', 'வரி கட்டினாதான் எடுக்க முடியும்' என்று இழுக்கும். அந்த இழுவையை அவரே பார்க்கும்போது, நாம் சொல்லிப் புரிய வைக்க வேண்டியது குறையும்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால், முதலில் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழைக்கணும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வங்கியில் முடக்குவதற்கு அவ்வளவு வாய்ப்பு. வாட்ஸ்அப் சாட், பணம் அனுப்பிய ரசீது, லிங்க், ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்க வேண்டாம். டெபாசிட் வகை மோசடியென்றால், காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம்.

நம்ம ஊரில் பலர் புகாருக்குப் போகாமல் இருப்பதற்கு, 'வெளிய தெரிஞ்சா அசிங்கம்' என்பதும் ஒரு காரணம். ஒருவர் அமைதியாக இருக்கும் ஒவ்வொரு வாரமும், அதே லிங்க் இன்னொரு குரூப்புக்குப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் யாராவது இப்படி இழந்திருந்தால், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். போனை எடுத்து 1930-க்கு அடிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள்.